கைப்பிடிக்குள் இருந்த துரு

“அழுத்தித் தேய் தாயே, பரிசோதகர் படியேறி வருகிறார்,” என்று உப்புத்தாளிடம் கெஞ்சியது பழைய ஜப்பானிய வாள். கைப்பிடியைக் கழற்றியிருந்ததால், அதற்குள் மறைந்து கிடந்த அடிப்பகுதியின் கருந்துரு வெளியே தெரிந்தது. அதில் ஒரு பக்கத்தை உப்புத்தாள் ஏற்கெனவே பளபளப்பாக்கிவிட்டது.

“எத்தனையோ கதவு ஜன்னலைத் தேய்த்திருக்கிறேன் பெரியவரே. இப்படி யாரும் அவசரப்படுத்தியதில்லை.”

சத்தம் கேட்டு, மேசையில் கிடந்த பூதக்கண்ணாடி திரும்பிப் பார்த்தது. “ஐயையோ, நிறுத்துங்கள்! என்ன காரியம் இது?”

“போலி என்று சொல்லிவிட்டால் என்னை உருக்கிவிடுவார்கள். அழுக்கோடு எப்படி அவர்முன் கிடப்பது?”

“உங்கள் விளிம்பில் ஓடுகிற அலைக்கோட்டைப் போலி வாள் செய்கிறவர்கள் அமிலம் தடவிக்கூட வரைந்துவிடுகிறார்கள். அதனால் பரிசோதகர் உங்கள் வயதைத் தேடுவது இந்தத் துருவில்தான். நானூறு வருஷத் துரு கடையிலா கிடைக்கிறது?”

உப்புத்தாள் சுருண்டுகொண்டது. “என்னைப் பார்க்காதீர்கள். பெரியவர் சொன்னார், தேய்த்தேன்.”

“மறுபக்கம்?” என்று கேட்டது வாள்.

“அங்கே துரு அப்படியே இருக்கிறது,” என்றது பூதக்கண்ணாடி.

கதவு திறந்தது. பரிசோதகர் செருப்பைக் கழற்றிவிட்டு விளக்கைப் போட்டார். வாள் மெல்லப் புரண்டு, பளபளத்த பக்கத்தை மேசைத்துணியில் அழுத்திப் படுத்துக்கொண்டது.