புதினா வளர்த்த மோட்டார்

மண்ணே இல்லாமல் தண்ணீரில் செடி வளர்க்கப்போவதாகச் சொல்லி சிங்காரம் வாங்கி வந்து மாடியில் வைத்த சாமான்களில், மோட்டாருக்குத்தான் மிடுக்கு அதிகம். சந்தனம், குங்குமம் வைத்துப் பூஜை போட்டது அதற்கு மட்டும்தானே!

"நான் ஓடினாத்தான் தண்ணி ஓடும். தண்ணி ஓடினாத்தான் செடி," என்றது மோட்டார்.

"உன்னை எப்பண்ணே போடுவாங்க?" என்று கேட்டது ஓட்டை போட்ட வெள்ளைக் குழாய்.

"இன்னும் ரெண்டு வீடியோ பாக்கணுமாம். பாத்துட்டு வந்துருவார்."

வீடியோ முடிகிற வழியாக இல்லை. குழாய்க்குள் சிலந்தி குடிவந்துவிட்டது.

இதற்குள் சிங்காரத்தின் மனைவி, சட்னிக்கு இலை கிள்ளியது போக மிஞ்சிய புதினாக் காம்பைச் சமையலறை ஜன்னலில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். அது பாட்டுக்கு வேர்விட்டுத் தழைத்துவிட்டது.

ஒருநாள் தோட்டத்தைப் பார்க்க ஆபீஸ் நண்பர்கள் வருவதாகப் போன் வந்தது. சிங்காரத்துக்கு வியர்த்துவிட்டது. ஓடிப்போய் டம்ளர் புதினாவைத் தூக்கிவந்து குழாயின் ஓட்டையில் செருகினார். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"என்னண்ணே, இங்க தண்ணியே இல்லியா? தொண்டை காயுது," என்றது புதினா.

மோட்டாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"வளர்த்து ஆளாக்கினவன்கிட்ட பேசுற பேச்சா இது?"