சாம்பல் நாரை சொன்னபடி

மார்ச் பதினொன்றாம் தேதி மாலை, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில மலைகளில், அப்பலாச்சியன் நெடும்பாதையின் இரண்டாவது குடிலில், வெர்னா தன் இடது முழங்காலில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“முதல்ல அந்தச் சட்டியை விட்டுத் தொலைங்க,” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த லேலண்ட்.

“சாம்பல் நாரை கொண்டு போகச் சொல்லியிருக்கார்.”

லேலண்ட் முனகினார். காலையிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது.

சாம்பல் நாரை இணையத்தில் எழுதுகிற ஆள். நெடும்பாதைக்குக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் அவர் எழுதியதை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் பையைக் கட்டினார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்துவிடச் சொல்வார். வரைபடத்தின் வெள்ளை ஓரத்தைக் கத்தரிக்கச் சொல்வார். தேநீர்ப் பொட்டலத்தின் நூலைக்கூடப் பிய்த்தெறியச் சொல்வார். இப்படி எடையை மிச்சம் பிடித்த கையோடு, வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று, கைக்கோடாரி ஒன்று, மடக்கு முக்காலி ஒன்று என்று சேர்த்துக்கொள்ளவும் சொல்வார். வெர்னா ஒன்று விடாமல் செய்திருந்தாள். லேலண்டின் பையிலும் அதேதான் இருந்தது.

நாரையின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பாதையில் அது ஒரு குறையும் இல்லை. இங்கே யாரும் சொந்தப் பெயரைக் கேட்பதில்லை. கூட நடப்பவர் வைத்ததுதான் பெயர். ஏற்றம் வந்தபோதெல்லாம் முக்கியதால் லேலண்டுக்கு வெர்னா வைத்த ‘முக்கல்’ ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு அவர் வைத்தது ‘சட்டியம்மா’.

“முக்கலாரே, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றாள் வெர்னா. “உங்க வாழ்நாள்ல இதுவரைக்கும் எவ்வளவு நடந்திருக்கீங்க?”

“நேத்தும் இன்னைக்கும்.”

“அவர் பதினோரு வருஷமா எழுதறார்.”

“எழுதறார்னுதான் நானும் சொல்றேன்.”

“பொறாமை.”

லேலண்ட் தன் காலுறையைக் கழற்றிக் கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, திரும்பப் பார்க்கத் தைரியமில்லாமல் மாட்டிக்கொண்டார்.

வெர்னா பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். நாட்டின் மறுகோடியில், மெய்ன் மாநிலத்து மலை உச்சியில் முடிகிற பாதையை முழுதாக நடப்பேன் என்று அவள் சொன்னதும் அண்ணன் டுவைட் சிரித்தார். ஒரு வாரம் தாங்க மாட்டாய் என்று உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். கூட்டிவர வண்டியில் பெட்ரோல் போட்டுத் தயாராக வைத்திருப்பதாகவும் சொன்னார். இப்போது அந்த வண்டிதான் அவள் கண்முன் நின்றது. காலையில் பாறைக்குப் போய் அவரைக் கூப்பிடப்போவதாகச் சொன்னாள். குடிலுக்கு மேலே இருந்த அந்த ஒரு பாறையில்தான் கைபேசிக்கு உயிர் வரும்.

“சட்டியும் கோடாரியும் இல்லாட்டி உங்க முழங்கால் தாங்கும்,” என்றார் லேலண்ட். “அந்த ஆள் சொன்னது தப்பு.”

“அவர் தப்புன்னு அவரே சொல்லட்டும், கேக்கறேன். நீங்க சொல்லி நான் கேக்கறதா?”

வெளிச்சம் இருக்கும்போதே லேலண்ட் எழுந்தார். மனைவியிடம் பேசிவிட்டு வருவதாகச் சொன்னார்.

“கூட்டிட்டுப் போக வரச் சொல்லப்போறீங்களா?” என்றாள் வெர்னா.

“அதுவும்தான்,” என்றார். முக்கிக்கொண்டே மேடேறிப் போனார்.

மறுநாள் காலை வெர்னா நொண்டியபடி பாறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அண்ணனைக் கூப்பிட்டிருக்கவில்லை.

“இதைப் படிங்க முக்கலாரே. நாரை திருத்தம் போட்டிருக்கார்.”

லேலண்ட் கண்ணாடியைத் தேடவில்லை. அவளே படித்தாள். இரும்புச் சட்டியும் கோடாரியும் முக்காலியும் வேண்டாமாம், முதலில் வருகிற சாலையிலேயே விட்டுவிட வேண்டுமாம். முழங்கால் வலித்தால் ஒரு நாள் படுத்துக் கிடந்துவிட்டு நடக்க வேண்டுமாம். பல ஆண்டு நடந்து கண்ட முடிவாம்.

“நானும் நேத்து அதைத்தானே சொன்னேன்?”

“நீங்க ரெண்டு நாள் நடந்துட்டுச் சொன்னீங்க. அவர் எத்தனை வருஷம் நடந்து பாத்துட்டுச் சொல்றார். தப்புன்னு தெரிஞ்சதும் ஒத்துக்கறார் பாருங்க, அந்த மனசு உங்களுக்கு வருமா?”

வராது என்று லேலண்ட் ஒப்புக்கொண்டார்.

அன்று முழுக்க வெர்னா படுத்துக் கிடந்தாள். அடுத்த நாள், முதலில் வந்த சாலையோரக் கடையில், வேண்டாத சாமான்களைப் போடும் பெட்டிக்குள் சட்டி, கோடாரி, முக்காலி மூன்றையும் இறக்கிவைத்தாள். முதுகை நிமிர்த்தி நாலு எட்டு நடந்து பார்த்தாள். பிறகு லேலண்டுக்குக் கைகொடுத்துவிட்டு மரங்களுக்குள் நுழைந்தாள். அவர் வண்டிக்காகக் காத்திருந்தார்.

செப்டம்பர் கடைசியில் மெய்ன் மலை உச்சியில் நின்று வெர்னா படம் எடுத்தாள். கீழே எழுதிச் சாம்பல் நாரைக்கு அனுப்பினாள்: “ஐயா, உங்களாலதான் இங்க நிக்கறேன். ஆரம்பத்துல முக்கல்னு ஒருத்தர் கூட நடந்தார், உங்களைக் குறை சொல்லிக்கிட்டே இருந்தார். பாவம், முதல் சாலையிலேயே வீட்டுக்குப் போயிட்டார்.”

ஓஹையோவில் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து லேலண்ட் அதைத் திறந்து படித்தார். பெருமைப்படுவதாக நாரையின் பெயரில் பதில் போட்டுவிட்டு, இரும்புச் சட்டியில் முட்டையைத் திருப்பிப் போட எழுந்தார்.