வடிவாம்பாளுக்கு ஒரு பிரதி

புத்தகக் காட்சியின் கையெழுத்து மேசையில் அன்று நால்வர் இருந்தார்கள்: தன் குடும்ப வரலாற்றை எழுதிய வைரவநாதர், துப்பறியும் கதைக்காரர் ஞானதீபன், கவிஞர் தில்லைநாயகி, பயணக்கதை எழுதும் ஷாகுல். கல்லூரி நாளிலிருந்தே கூட்டாளிகள். தன்னிடம் வரும் வாசகரை மற்றவரிடமும் தள்ளிவிடுவது அவர்கள் வழக்கம்.

"கொலை வேணும்னா என்கிட்ட வாங்க. பரம்பரைப் பெருமை வேணும்னா அண்ணன்கிட்ட போங்க," என்றார் ஞானதீபன்.

அப்படிப் போன ஒரு பெண்தான் வைரவநாதர் முன்னால் புத்தகத்தை நீட்டினாள். "வடிவாம்பாள்னு அம்மா பேருக்குப் போடுங்க, மாமா."

வடிவாம்பாள் அவர் தங்கை. வேறு சாதியில் கட்டிக்கொண்டு போனவள். பதினேழு வயதில் காமாலையில் இறந்துபோனாள் என்று அந்தப் புத்தகத்தில் அவர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரி சரிந்தால் குடும்பத்தின் பேரே சரிந்துவிடும்.

"அம்மா வாசல்ல ஆட்டோவுல இருக்கு. நடக்க முடியல. உங்க கையெழுத்து மட்டும் போதுமாம்."

அவள் மற்ற மூவரையும் பார்த்தாள். வடிவாம்பாள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவர்கள். தில்லைநாயகி குனிந்து பேனா மூடியைத் தேடினாள். ஷாகுல், "அடுத்தவங்க வாங்கம்மா," என்றார். இப்படிப்பட்ட நண்பர்கள் யாருக்கு வாய்ப்பார்கள் என்று வைரவநாதருக்கு நெஞ்சு நிறைந்தது.

எழுதினார்: 'மறைந்த என் தங்கை வடிவாம்பாளின் நினைவாக.' கையெழுத்தும் தேதியும் இட்டு, மை காய ஊதி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

எழுதும்போது அவர் கை நடுங்கியதாக ஒரு பேச்சு உண்டு. நடுங்கவில்லை.