எடுக்காத பொட்டலம்

"அம்மன் போவச் சொன்னா போங்க மாப்ள. வாணாம்னு சொல்லிட்டா இங்கயே இருந்துடுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

கன்னியப்பன் உப்புக் குவியலின் மேல் பனையோலையைப் பரப்பிக்கொண்டே சொன்னார். காலையிலேயே வானம் கறுத்திருந்தது. மரக்காணத்து உப்பளங்களில் இந்த வருஷத்து வேலை முடிந்துவிட்டது. இனி மழை.

பாலகுரு கீழே நின்று ஓலையை எடுத்துக் கொடுத்தான்.

"அம்மன் ஓசூருக்குப் போயிருக்காளா மாமா? அங்க வாடகை எவ்ளோ, ஸ்கூல் எப்படின்னு அவளுக்குத் தெரியுமா?"

"கிண்டலா? வாய்ல புண்ணு வரும்."

"கெமிஸ்ட்ரி படிச்சவனுக்கு லேப்ல வேலை கெடைச்சிருக்கு. இதுல அவளுக்கு இன்னா டவுட்டு?"

"வேலை மேல டவுட்டு இல்ல. உங்க மேலதான். பொட்டப்புள்ளைய வெச்சிக்கினு தனியா எப்படிக் காலம் தள்ளுவீங்க? நாளைக்கு வெள்ளிக்கெழம. பூ கேட்டுடலாம். அவ பாத்துப்பா. நம்பணும் மாப்ள."

"போன வருஷமும் அவ பாத்துப்பான்னுதான் சொன்னீங்க."

கன்னியப்பன் அடுத்த ஓலைக்குக் கையை நீட்டினார்.

போன மழைக்காலத்தில்தான் டெங்கு வந்து அவருடைய ஒரே மகள், பாலகுருவின் மனைவி இலக்கியா போனாள். அவள் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை. பாலகுரு தினமும் அதைத் தாண்டித்தான் உப்பளத்துக்கு வருகிறான். அந்த வாசலை விட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் அவனுக்கு, நாலு வயது மகள் கயலையும் தூக்கிக்கொண்டு. ஆனால் மாமனார் சம்மதிக்காமல் போக மனம் வரவில்லை. மாமனாரோ, அம்மன் சம்மதிக்காமல் சம்மதிக்க மாட்டார்.

ஆக, சரிக்கட்ட வேண்டிய ஆள் பூசாரி வெங்கடாசலம்தான்.

சாயங்காலமே கோயிலுக்குப் போனான். புதுச்சேரியில் வாங்கி, டிபன் பையில் மறைத்து, கோட்டக்குப்பம் வழியாகப் போலீஸ் கண்ணில் படாமல் கொண்டுவந்த ஃபுல் பாட்டிலை நீட்டினான்.

"இன்னா தம்பி, அம்மனுக்கா?"

"அவ குடிப்பாளா?"

"அவ எங்க குடிக்கிறா? அவளுக்காவ நான்தான் குடிக்கிறேன்."

"நாளைக்கு வெள்ளைப் பூ வரணும். ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சிடுங்க."

வழக்கமாக ஒன்றில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் கூடாது. ஒரு பொட்டலத்தை எடுத்தபின் இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இந்தக் கோயிலில் கிடையாது. இவ்வளவு வசதியான சாமி வேறெங்கும் இருக்காது என்று நினைத்துக்கொண்டான்.

"பாவம்பா," என்றார் பூசாரி.

"யாரு, அம்மனா?"

"நான்." பாட்டிலைத் துண்டில் சுருட்டினார். "சரி, கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

"அவ பாத்துக்க மாட்டாளா?"

"அவளுக்கு ஆயிரம் ஜோலி. இந்த மாதிரி சில்லறை கேஸுல்லாம் நம்மகிட்டதான் வரும்."

மறுநாள் அம்மன் காலடியில் வாழையிலையில் மடித்த இரண்டு பொட்டலங்கள் இருந்தன. கற்பூரம் எரிந்தது. கன்னியப்பன் கண்ணை மூடி, கைகூப்பி, உதடு துடிக்க நின்றார். பாலகுரு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கொட்டாவி வந்தது, அடக்கிக்கொண்டான்.

"கயலு, சாமியக் கும்புட்டு ஒண்ண எடு கண்ணு," என்றார் பூசாரி.

கயல் இடப்பக்கப் பொட்டலத்தைத் தொட்டாள். என்ன தோன்றியதோ, அதை விட்டுவிட்டு வலப்பக்கத்தை எடுத்தாள்.

எதை எடுத்தால் என்ன என்று இருந்தது அவனுக்கு.

பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை. பளிச்சென்ற வெள்ளை.

கன்னியப்பன் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

"சொல்லிட்டா. அப்புறம் இன்னா, கெளம்புங்க மாப்ள." பேத்தியின் பக்கம் திரும்பினார். "ஓசூர்ல ரொம்பக் குளிருமாமே. புள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கணும்."

பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, உப்பளக் கரையில் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கயல் அவர் காதைப் பிடித்து இழுத்து என்னவோ கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு வருஷமாக எதுவும் உறைக்காத பாலகுருவுக்கு அந்தத் தலையாட்டல் உறைத்தது. கோயில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த பூசாரியிடம் ஓடினான்.

"பூசாரி, நான் போவல. மாமாகிட்ட உண்மையச் சொல்லிடப் போறேன்."

"எந்த உண்மைய?"

"ரெண்டுலயும் வெள்ளைதான்னு. அந்தாளு சாமிய நம்பி நிக்கிறாரு. அவர ஏமாத்திட்டுப் போய் நான் அங்க எப்படி நிம்மதியா இருப்பேன்?"

பூசாரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து நீ வர்றதுக்கு முன்னாடியே, மத்தியானம், உன் மாமனாரு ஒரு சேவலோட வந்து ரெண்டுலயும் சிவப்பு வைக்கச் சொல்லிட்டுப் போயிட்டாருப்பா. ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிட்டேன், யாரப் பகைச்சிக்கறது? வேற வழி தெரியாம ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல சிவப்பு வெச்சேன். நான் பூசாரியா வந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் தம்பி, அவளையே பேச விட்டிருக்கேன்."