மேஜைமேல் ஸ்பெயின் கொடி

"நாளைக்கு வர்றவங்க ஸ்பானிஷ்தான் பேசுவாங்க" என்று மேனேஜர் சொன்னதை வைத்து, மேஜையில் ஸ்பெயின் கொடியை வைத்தது நான்தான். வந்த அம்மையாருக்கோ அதைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது. படபடவென்று பொரிந்து தள்ளினார்.

மேனேஜர் என் விலாவில் இடித்தார். "என்னய்யா சொல்றாங்க? ஸ்பானிஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடுன்னு சொல்லித்தானே வேலைக்குச் சேர்ந்தே?"

எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் வார்த்தை, வணக்கம் சொல்லும் 'ஓலா'. அதையும் வாசலிலேயே செலவழித்துவிட்டேன். வேலை போச்சு என்று நினைத்தபோது, ஃபைலோடு வந்த கணக்குப் பிரிவுப் பெண் ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தாள். என்ன சரளம்! அம்மையார் சிரித்தே விட்டார்.

"சார், இவங்க பெரு நாட்டுக்காரங்க. பேசுறது ஸ்பானிஷ்னா ஸ்பெயின்காரங்க ஆயிடுவாங்களா? இங்கிலீஷ் பேசுறவங்க எல்லாரும் இங்கிலாந்துக்காரங்களா?" என்றபடி கொடியை என் கையில் திணித்தாள். "தொண்டை கட்டிடுச்சுன்னு இவர்தான் என்னைப் பேசச் சொன்னாரு."

அன்று முழுக்க நான் இருமிக்கொண்டே இருந்தேன்.

மாலையில் ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தவளிடம் கேட்டேன். "ஏம்மா, கட்டின புருஷனுக்கே தெரியாம எப்பக் கத்துக்கிட்டே?"

"சமைக்கும்போது காதுல மாட்டியிருந்தேனே, பாட்டுன்னா நினைச்சீங்க?"

"சரி, எதுக்கு?"

"சிக்னலைப் பாருங்க."

வீட்டு வாசலில் மறுபடி கேட்டேன். பூட்டைத் திறந்தபடியே சொன்னாள்.

"ஸ்பானிஷ் தெரியும்னு நீங்க அளந்துட்டு வந்த அன்னைக்கே ஆரம்பிச்சேன். என்னைக்காவது மாட்டுவீங்க. அப்போ நம்ம வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணுமில்ல?"