நாற்பதைத் தாண்டாத எண்

காலை வெயில் மேசையில் விழுகிறது. என் மனைவி கணினித் திரையில் ஓர் எண்ணையே, திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கையை, பார்த்துக்கொண்டிருக்கிறாள். மருத்துவமனைக்காக அவள் எழுதிய சர்வர் நிரல், திறந்த கோப்புகளை மூட மறந்து, ஆயிரம் சேர்ந்ததும் தினமும் பதினொரு மணிக்குள் நின்றுவிடுகிறது. அதன்பின் அங்கே ஓர் எக்ஸ்ரே படம்கூடத் திறக்காது. படித்து முடித்ததும் கோப்பை மூடும்படி இன்று திருத்தியிருக்கிறாள். சமையலறையில் அவள் திறந்துபோட்ட அலமாரிக் கதவில் என் நெற்றி இடிக்கிறது.

“வீட்ல ஒரு கதவ மூடினதில்ல, ஊருக்குத்தான் உபதேசமாக்கும்!”

“தலைய அப்புறம் தேய்ங்க, இங்க வந்து பாருங்க. நாப்பதத் தாண்டவே இல்ல!”

பதினொன்று அடிக்கிறது. எண் ஏறவில்லை. அவள் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிச் சிரிக்கிறாள்.

இப்போது அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த அலமாரிக் கதவை நான் மூடுவதில்லை. குனிந்து போகப் பழகிவிட்டேன்.