ஒட்டுப்பொட்டு

"காதிலை வையாதேங்கோ, அம்மா! முகத்துக்கு நேரை பிடியுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"ஏனடி கத்துறாய்? வேலிக்கு அங்காலை ஆக்கள் நிக்குதுகள்."

ஆட்கள் இல்லை, ஒரே ஓர் ஆள்தான். பக்கத்து வீட்டுச் சுவர்ணா முருங்கையிலை பிடுங்கிக்கொண்டு நின்றாள். பாலேஸ்வரி வீட்டில் குரல் உயரும்போதெல்லாம் அவளுக்கு முருங்கையிலை தேவைப்படும். அதனால் அந்த வேலியோர முருங்கை எப்போதும் பாதி மொட்டையாகவே நின்றது.

முல்லைத்தீவில் படிப்பிக்கும் மகள் தர்சிகா சனி, ஞாயிறில்தான் வீட்டுக்கு வருவாள். தையில் அவளுக்கும் சுவிஸ் மாப்பிள்ளை ஜெயதீபனுக்கும் கலியாணம். தான் போனபிறகு தனியே இருக்கப்போகும் தாயின் முகத்தைத் தினமும் பார்க்கவென்று, விலை குறைந்த டச் போன் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். தாயோ, ரப்பர் பட்டி போட்ட தன் பழைய மடிக்கிற போனை விடமாட்டேன் என்று நின்றாள்.

"இதிலை என்ன குறை? திறந்தாக் கதைக்கும், மூடினா வாயை மூடும். நீ அப்பிடியே?"

"பகிடி விடாதேங்கோ. அதிலை உங்கடை முகம் எனக்குத் தெரியுமே? என்ரை முகம் உங்களுக்குத் தெரியுமே?"

பாலேஸ்வரி பழைய போனின் ரப்பர் பட்டியை இழுத்து இறுக்கினாள்.

"ஒருக்கால் எண்டாலும் ஒழுங்கா எடுத்தியளே? உதைப் பழகாட்டி நான் போகமாட்டன். கலியாணமும் வேண்டாம், சுவிசும் வேண்டாம். ஜெயதீபனுக்கு இண்டைக்கே சொல்லிப்போடுவன்."

"விசர்க் கதை கதைக்காதை!" என்று சீறிய பாலேஸ்வரியின் குரல், அடுத்த மூச்சில் இறங்கிவிட்டது. "சரி, என்ரை விரலைப் பிடிச்சு வைச்சுக் காட்டு. எடுக்கிறது எந்த இடம்? நிப்பாட்டுறது எந்த இடம்?"

"இதிலை வைச்சு மேலை தள்ளுங்கோ. கதைச்சு முடிய, இதிலை அமத்துங்கோ."

பாலேஸ்வரி அந்த இடத்தைவிட்டு விரலை எடுக்கவே இல்லை. பசை போட்டு ஒட்டியதுபோல வைத்துக்கொண்டிருந்தாள். தர்சிகா குளிர்ந்து போய், மாப்பிள்ளை அன்று அனுப்பிய படத்தைத் தன் போனில் நீட்டினாள்.

"பாருங்கோ, தாடி வைச்சிருக்கிறார். நல்லாயிருக்கோ?"

"வடிவான பிள்ளை" என்று சொன்ன வேகத்தில் பாலேஸ்வரி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சுவர்ணாவுக்கு அது போதும். பொழுது சாய்வதற்குள் ஒழுங்கையில் இருந்த வீடுகள் முழுவதும் செய்தி போனது. "தாய்க்கு மாப்பிள்ளையைப் பிடிக்கேல்லை. படத்தை ஒழுங்காப் பாக்கக்கூட இல்லை."

அடுத்த கிழமை, ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருக்கும் அற்புதராணி சுவர்ணாவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு புதினம். பாலேஸ்வரியக்கா ஒட்டுப்பொட்டு அட்டை ஒண்டு வாங்கினவ."

"மகளுக்காயிருக்கும்."

"நானும் அப்பிடித்தான் கேட்டன். இல்லை, எனக்குத்தான் எண்டா."

சுவர்ணா நெஞ்சில் கைவைத்தாள். புருசன் செத்த நாளிலிருந்து திருநீற்றைத் தவிர வேறொன்றும் ஏறாத நெற்றி அது.

"என்ன நிறம்?"

"நிறமொண்டும் கேக்கேல்லை. தடிச்ச பொட்டாத் தா எண்டவ."

"ஓகோ! பெட்டையைக் கெதியா அனுப்பப் பாக்கிறது ஏனெண்டு இப்பதானே விளங்குது!"

மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்ற பழைய செய்தியைச் சுவர்ணா அன்றே திருப்பி எடுத்துக்கொண்டாள். புதியது அதைவிட ருசியாக இருந்தது.

அதற்குள் பாலேஸ்வரி டச் போனும் பழகிவிட்டாள். தர்சிகா கிணற்றடியில் நின்று கோல் எடுத்துப் பார்க்க, முதல் மணியிலேயே எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். முடிந்ததும் போனைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். மகளிடம்கூடக் கொடுக்கவில்லை.

கலியாணத்தன்று எல்லோரும் மணவறையைப் பார்க்க, சுவர்ணா பாலேஸ்வரியின் நெற்றியையே பார்த்தாள். திருநீறு மட்டும்தான். பாலேஸ்வரி தன் தங்கை உதயகலாவின் கையை விடாமல் பிடித்தபடியே மண்டபம் முழுக்க நடந்தாள்.

"நடிப்பைப் பார்" என்றாள் சுவர்ணா, பாயசத்தை வழித்துக்கொண்டு.

மாசியில் தர்சிகா சுவிசுக்குப் பறந்தாள். இனித்தான் பொட்டு ஏறும் என்று கணக்குப்போட்ட சுவர்ணா, ஒரு பின்னேரம் கை நிறைய முருங்கையிலையோடு, வேலிப் படலையைச் சத்தம் போடாமல் தூக்கித் திறந்து, செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

பாலேஸ்வரி வாசலைப் பார்த்தபடி கதிரையில் இருந்தாள். நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது. அந்நேரம் மடியில் போன் அடித்தது. அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்தன, இரண்டு தடித்த பொட்டுகள். பாலேஸ்வரியின் விரல் கண்ணாடியைத் தடவிப்போய் ஒரு பொட்டில் நின்று, மேலே தள்ளியது.

"அம்மா, ஜன்னலுக்கு வெளியிலை பாருங்கோ! பனி கொட்டுது!"

"ஓமடி பிள்ளை. வெள்ளை வெளேரெண்டு."

"என்னை வடிவாத் தெரியுதோ?"

"ஏன் தெரியாமல்? கொஞ்சம் மெலிஞ்சு போனாய்."

கதைத்து முடிந்ததும் விரல் மற்றப் பொட்டைத் தேடிப்போய் அழுத்தியது. பிறகு பாலேஸ்வரி முகத்தை நிமிர்த்தி, தான் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அயலில் இருப்பவளும், இப்போது வெயிலில் நேரெதிரே முருங்கையிலையோடு நிற்பவளுமான சுவர்ணாவைப் பார்த்துக் கேட்டாள்:

"ஆரது நிக்கிறது?"